வலது கால்

"என்ன மதலை, இடது காலைத் தேய்ச்சிட்டு வந்திருக்கே? வலதுல்ல நீட்டணும்" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து மிக்கேல் வாத்தியார் உதடு அசையாமல் சொன்னார். பூசை நேரத்தில் பேசினான் என்று பிள்ளைகளை வெளுத்து வாங்கிய மனுஷன், பூசை நேரத்தில் பேசுவதை மட்டும் நன்றாகப் படித்துவைத்திருக்கிறார். குனிந்து பார்த்தேன். சரிதான். இடது கால் கல்யாணப் பெண் மாதிரி பளபளக்கிறது, மத்தியானம் முழுக்கச் செங்கல் துண்டால் தேய்த்து எலுமிச்சம்பழத் தோல் போட்டு எடுத்த பளபளப்பு. வலது கால் அவளைப் பெண் பார்க்க வந்த எருமை மாதிரி பக்கத்தில் கிடக்கிறது. பெரிய வியாழக்கிழமை, ஆண்டவர் சீடர்கள் காலைக் கழுவிய நாளில், சாமியார் கழுவுவது வலது காலை என்று எனக்குத் தெரியாதா, என் அப்பன் இதே தூணுக்குக் கீழே இதே நாற்காலியில் உட்கார்ந்து வருஷா வருஷம் நீட்டிய கால் எது என்று தெரியாதா. கை போகவில்லை, அவ்வளவுதான். அடைமழையிலிருந்தே அந்தக் காலுக்குக் கை போவதில்லை. குளிக்கும்போது மேலாக ஒரு சொம்பு ஊற்றுவேன், அதுவாக வடிந்து போகட்டும் என்று வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். சரி, அது இப்போது வேண்டாம். சாமி இன்னும் முதல் நாற்காலியில்தான் முட்டிபோட்டிருக்கிறார், நான் கடைசி, பன்னிரண்டாவது, நிறைய நேரமிருக்கிறது. "வாத்தியாரே, இது மாட்டுக்கு லாடம் அடிச்ச மாதிரி, ஒரு நாளைக்கு ஒரு கால்தான் ஆகும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியை ஒரு சாண் அந்தப் பக்கம் நகர்த்தி உட்கார்ந்தார், நகர்த்தியது தெரியக்கூடாது என்று வேட்டியைச் சரிசெய்கிற மாதிரி நகர்த்தினார். பிளாஸ்டிக் நாற்காலி, தரையில் கீச்சென்றது. கோயில் முழுக்கக் கேட்டது. இன்றைக்கு மணி வேறு அடிக்கக் கூடாது, மரக்கட்டையைத் தட்டுகிற நாள், அதனால் சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கிறது.

இந்த நாற்காலிக்கு ஒரு பேர் உண்டு, வாயால் சொல்லமாட்டார்கள், யூதாஸ் நாற்காலி. பன்னிரண்டு சீடர்கள் என்றால் பன்னிரண்டாவது ஆள் அவன்தானே, காட்டிக்கொடுத்தவன். அதில் உட்காருகிறவன் வீட்டுக்கு அடுத்த பாஸ்காத் திருநாளுக்குள் ஒரு கெடுதல் வரும் என்று மேலத்தெருவில் ஒரு பேச்சு. எப்போதோ அவர்களில் ஒருவர் தெரியாமல் உட்கார்ந்து அவர் வீட்டுக் கிணறு வற்றிவிட்டதாம். அதிலிருந்து அந்த நாற்காலிக்கு மட்டும் கீழத்தெருவிலிருந்து ஆள் வரும். பார்த்தீர்களா, நம் பங்கில் வேற்றுமை கிடையாது, கீழத்தெரு ஆளுக்கும் கால் கழுவுகிறோம் என்று ஆயர் வரும்போது சொல்லிக்கொள்வார்கள். வேற்றுமை இல்லைதான். அப்போஸ்தலர்கள் பதினோரு பேரும் ஒரு தெருக்காரர்கள், காட்டிக்கொடுத்தவன் மட்டும் அடுத்த தெரு, வேதத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறதா, நான்தான் படிக்கவில்லையா. என் அப்பனுக்கு அதில் உட்கார ஒரு பெருமை இருந்தது. புதுத்துண்டு போட்டு, மீசையைத் தடவி, பன்னிரண்டாவது நாற்காலியில் ராஜா மாதிரி உட்காருவார். அந்தப் பெருமையை வைத்துத்தான் நான் நண்டுக்கதை கட்டினேன். வெள்ளைக்கார ஆயர் வந்து அப்பன் காலைக் கழுவும்போது குதிகால் வெடிப்புக்குள்ளிருந்து ஒரு வயல்நண்டு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது, ஆயர் பயந்து அங்கியோடு பின்னால் விழுந்தார், நண்டு நடுக்கோயில் வழியாக நடந்து போய் வாசலில் தீர்த்தத்தொட்டியில் இறங்கி சிலுவை போட்டுக்கொண்டது என்று. கீழத்தெரு முழுக்கச் சிரிக்கும். இன்னாசியம்மா மட்டும் முறத்தைத் தட்டிக்கொண்டே, "யோவ் பொய்க்காரரே, நண்டு எந்தக் கையால சிலுவை போட்டுச்சு, அதைச் சொல்லு" என்பாள். அவளுக்கு என் பொய்யில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் சினிமா பார்க்கிற மாதிரி. என் பொஞ்சாதி. இந்தக் காலைத் தேய்க்காமல் வந்திருக்கிறேனே என்று பார்த்தால் சும்மா விடுவாளா. சரி. அது வேண்டாம் என்றேனே.

சாமி இரண்டாவது நாற்காலிக்கு வந்துவிட்டார். ஃபாதர் ஜெரோம், சின்ன வயசு, நல்ல முகம், கோபமே வராது, அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. வெண்கலத் தாம்பாளத்தில் கால், சொம்பிலிருந்து தண்ணீர், துண்டால் துடைப்பு, குனிந்து முத்தம். கோயில்பிள்ளை சவேரி தண்ணீர்க் குடத்தோடு பின்னால் நகர்கிறான். பாடகர் குழு இழுத்து இழுத்துப் பாடுகிறது, ஆர்மோனியக்காரன் ஒரு கட்டையை விட்டுவிட்டுத் தேடுகிறான். பிரசங்கத்தில் சொன்னார், அன்பு என்றால் குனிவது என்று. கை தட்டலாமா என்றிருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை குனிகிறவருக்கு அது அன்பு, நடவிலும் அறுப்பிலும் வருஷம் பூரா குனிந்த முதுகுக்கு அதற்கு வேறு பேர் சாமி, அதைச் சொல்லியிருப்பேன், பூசை நடுவில் சொல்லக் கூடாது. சமாதானம் சொல்லிக்கொள்ளும் இடத்திலும் பாருங்கள், நமக்குக் கும்பிடு போதும், கை கோர்க்க வேண்டியதில்லை, யாரும் யாரையும் தொடாமலேயே சமாதானம் ஆகிவிடலாம், எவ்வளவு வசதியான சமாதானம். கல்லறைத் தோட்டத்திலும் சமாதானம்தான், நடுவில் ஒரு சுவர். மேட்டுப்பக்கம் அவர்களுக்கு, வேப்பமரம், சலவைக்கல். பள்ளத்துப்பக்கம் நமக்கு, வாய்க்கால் ஓரம், ஒரு தூறல் போட்டால் தவளை வந்து உட்காரும். ஆத்துமாவுக்குத் தெரு இல்லை என்று பிரசங்கம், உடம்புக்குத்தான் சுவர்.

தூணோரமாய் தார்சீஸ் நிற்கிறார், பங்குப் பேரவைச் செயலாளர், போட்டோக்காரனின் தோளைத் தொட்டு என்னைக் காட்டுகிறார். எங்கள் தெரு இளவட்டங்கள் சில வருஷமாக இந்த நாற்காலிக்கு ஆள் அனுப்ப மறுத்துவிட்டார்கள், யூதாசுக்கு வேறு ஆள் பாருங்கள் என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டார்கள், சுவரை இடிக்கச் சொல்லி ஆயர் இல்லத்துக்கும் போனார்கள். போன வருஷம் இந்த நாற்காலியில் ஒரு பூந்தொட்டியை வைத்துச் சமாளித்தார்களாம், சாமி பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினாரா முத்தமிட்டாரா என்று நான் ஒரு கதையே கட்டிவைத்திருக்கிறேன். இந்த வருஷம் ஆயர் இல்லத்தில் கேள்வி வந்துவிட்டது, ஒற்றுமை இருக்கிறதா, காட்டு என்று. அப்போதுதான் தார்சீஸ் என் வீட்டு வாசலுக்கு வந்தார், பிறந்ததிலிருந்து வராத ஆள். "வந்து உட்காருங்க பெரியவரே, உங்களை விட்டா அந்தத் தெருவுல பொறுமையான ஆள் யார் இருக்கா" என்றார். பெரியவரே! நேற்றுவரை ஏய் மதலை. கூடவே வந்த சாமி, "நீங்க உட்கார்ந்தா ஜனங்க மனசு இளகும், அப்புறம் மெதுவா சுவரைப் பத்திப் பேசலாம்" என்றார். மெதுவாக. என் மகன் வயிற்றுப் பேரன் ஆல்வின், ஆட்டோ ஓட்டுகிறவன், அவர்கள் போனதும் என் முன்னால் வந்து நின்றான். "தாத்தா, நீ போய் அதுல உட்கார்ந்தேன்னா நாங்க ஆயர் வீட்டு வெயில்ல நின்னதுக்கெல்லாம் அர்த்தமே இல்லை. போட்டோ எடுத்து அனுப்பிட்டு எல்லாம் சரியாப்போச்சும்பானுங்க." "தெரியும்டா" என்றேன். "தெரிஞ்சே போறியா? அப்ப நீ யூதாஸ்தான்." அந்த வார்த்தை அவன் வாயில் வந்ததும் அவனே பயந்துபோனான், வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு நான் ஏன் போகிறேன் என்று சொல்லவில்லை. சொன்னால் அதையும் கதை என்பான். இப்போது கதவோரம் கூட்டாளிகளோடு வெளியே நிற்கிறான், செருப்பைக் கழற்றாமல், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

ஐந்தோ ஆறோ ஆகிவிட்டது. தாம்பாளத்துத் தண்ணீர் விளிம்புவரை ஏறி ஆடுகிறது, சவேரி அதை ஒரு வாளியில் கொட்டிவிட்டு வைக்கிறான். தண்ணீர் ஆடுவதைப் பார்க்கக் கூடாது. அந்தோணியார் நீந்திய கதையை நினைத்துக்கொள்வோம். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த வருஷம் சப்பரக்கொட்டகை இடிந்து அந்தோணியார் சுரூபத்தை ஆறு அடித்துக்கொண்டு போனது, அது நிஜம். மறுநாள் மேலத்தெரு ஆட்கள் மணலில் கண்டெடுத்து மேளத்தோடு தூக்கிவந்தார்கள், அதுவும் நிஜம். நடுவில் ஓர் இராத்திரி என்ன நடந்தது என்பதுதான் என்னுடையது. சுரூபத்தின் கையிலிருந்த பிள்ளையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் நீந்தி அந்தோணியார் எங்கள் துறையில் கரையேறினார், வாய்க்கால் வரப்பில் நடந்து கீழத்தெருவுக்குள் வந்தார், இன்னாசியம்மாவிடம் ஒரு கயிறு கேட்டு அங்கியைப் பிழிந்து காயப்போட்டார், கருவாட்டுக் குழம்பு நன்றாக இருக்கிறது என்றார், விடிவதற்குள் ஈரத்துணியை மாட்டிக்கொண்டு போய் மணலில் படுத்துக்கொண்டார், இல்லாவிட்டால் மேலத்தெருவில் கோபித்துக்கொள்வார்களே. அந்தக் கதையைக் கேட்டால் எங்கள் தெருப் பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள், சிரித்துக்கொண்டேதான் துடைப்பார்கள். சப்பரம் எங்கள் தெருவுக்குள் ஒரு திருவிழாவுக்கும் வந்ததில்லை. வராத புனிதரை நான் நீச்சலடிக்க வைத்துக் கூட்டிவந்தேன், வேறென்ன செய்ய. இன்னாசியம்மா அதில் மட்டும் ஓட்டை தேடியதில்லை. "கயிறு கேட்டாருல்ல, நான் கொடுத்தேன்" என்று சாட்சி சொல்வாள். பொய்க்குச் சாட்சி சொல்ல ஆள் இருந்தது. நிஜத்துக்குத்தான் இல்லாமல் போயிற்று.

என் வாய் அப்படி. ஊரே சிரித்துச் சிரித்து என்னைப் பொய்க்காரனாக்கி வைத்திருக்கிறது, நானும் உட்கார்ந்து அந்தப் பட்டத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்தேன். ஐப்பசி அடைமழையில் அவள் போனாள். காய்ச்சல், ஆஸ்பத்திரி, ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான், கதையில் வைக்கிற மாதிரி எதுவும் சொல்லவில்லை. நான் தார்சீஸ் வீட்டுக்கு நனைந்துகொண்டே போனேன். "பள்ளத்துல தண்ணி நிக்குது ஐயா, ஒரு பெட்டிக்கு மேட்டுல இடம் விடுங்க, சுவரோரமா இருந்தாலும் போதும்" என்றேன். "பேரவையைக் கேக்கணும், மழைவிட்டுக் கூட்டுறோம்" என்றார். பிணம் மழைவிடக் காத்திருக்குமா. சாமி வந்தார், சுவர் வாசல்வரை வந்தார், குடைக்குக் கீழே நின்று மந்திரித்தார், தீர்த்தம் தெளித்தார், மழையில் தீர்த்தம் எது மழை எது என்று யாருக்குத் தெரியும். அடுத்த கிளைக்கிராமத்தில் பூசை என்று காரில் ஏறிப்போனார். அதற்குப் பிறகு நடந்ததை அவர் பார்க்கவில்லை. பிற்பாடு சொல்லப்போனபோது, பாதி சொல்வதற்குள் என் தோளைத் தட்டிச் சிரித்தார். "நண்டு மாதிரி இதுவுமா பெரியவரே? துக்கத்துலயும் உங்களுக்கு நகைச்சுவை போகலை, அது ஆண்டவர் கொடுத்த வரம்." வரம். தார்சீசிடம் சொன்னேன், அவரும் சிரித்தார். கூட நின்று குழி வெட்டிய எங்கள் தெரு ஆட்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், நீ சொல்லிக்கொடுத்தது என்று இவர்கள் சொல்வார்கள். ஆல்வின் அன்றைக்கு வண்டியோடு திருச்சியில் மாட்டிக்கொண்டான், வந்து சேர்ந்தபோது மண் மூடியிருந்தது. அவனிடம்கூட என்னால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் யோசித்தேன். இந்தச் சாமி என் பேச்சைக் கேட்காமல் நகர முடியாத இடம் ஊரில் எது என்று. காலைப் பிடித்துக்கொண்டிருக்கிற மனுஷன் ஓடமுடியாது. இதுதான் நான் வந்த காரணம், போட்டோவுக்கும் இல்லை பொறுமைக்கும் இல்லை. என் வாயில் இதுவரை விளைந்ததில் ஒரே நிஜத்தை அவர் காதில் போட்டு, சாமி, அடுத்த மழைக்குள் மேட்டில் இடம் கொடுங்கள், அவளுக்கும், நாளைக்கு எனக்கும், என்று கேட்கவேண்டும்.

எனக்கும் என்று சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொள்கிறது. சாவுக்குப் பயமில்லை, இத்தனை வயசுக்கு அது வீட்டுப்பூனை மாதிரி காலைச் சுற்றிக்கொண்டுதான் கிடக்கிறது. அன்றைக்கும் மழை பெய்தால்? என்மேல் யார் கால்? ஆல்வின் காலா? கூடாது. அந்தப் பிள்ளையின் காலுக்கு அந்த வேலை கூடாது. அவன் பிறகு எந்தக் காலைத் தேய்த்துக் குளிப்பான்.

மிக்கேல் வாத்தியாரின் கால் தாம்பாளத்தில் இருக்கிறது. வெளுத்த கால், நகம் வெட்டிய கால், வீட்டிலேயே பவுடர் போட்டிருக்கிறார் மனுஷன், தண்ணீர் பட்டதும் பால் மாதிரி வடிகிறது. சாமி முத்தமிடுகிறார். வாத்தியார் கண்ணை மூடி உருகுகிறார். அடுத்தது நான். சவேரி வெண்கலத் தாம்பாளத்தை எடுத்து பீடத்தோரம் வைத்துவிட்டான். எடுத்து வைத்துவிட்டான்! தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு நீலப் பிளாஸ்டிக் பேசினைக் கொண்டுவருகிறான், விலைச்சீட்டைப் பிய்த்த பசை இன்னும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் முகத்தில் எதையோ பார்த்துவிட்டு, குனிந்து, அன்பாகச் சொல்கிறான், நிஜமாகவே அன்பாகத்தான் சொல்கிறான்: "உங்களுக்குன்னே புதுசா வாங்கினது தாத்தா." சாமி பேசினைப் பார்த்தார். ஒரு நொடி வெண்கலத்தைப் பார்த்தார். தார்சீசைப் பார்த்தார். கோபம் வராத முகம், வந்திருக்கலாம், இப்போதாவது வந்திருக்கலாம், வரவில்லை, முட்டிபோட்டுவிட்டார். போட்டோக்காரன் அந்தப் பக்கம் வந்து உட்காருகிறான். காலை வைத்தேன். வலது கால்.

தண்ணீர் குளிரவில்லை. வெதுவெதுப்பு. அது வேறு தண்ணீர், அது குளிர்ந்தது, முழங்காலுக்கு மேலே குளிர்ந்தது, சேற்றுநிறம். குழி வெட்ட வெட்ட ஊறிற்று, வாளியால் இறைக்க இறைக்க ஊறிற்று, இனி முடியாது இறக்கு என்று கயிற்றில் இறக்கினோம், கயிறு தளர்ந்தது, ஆனால் பெட்டி இறங்கவில்லை. மிதந்தது. மெல்ல ஒரு பக்கமாகத் திரும்பி, படுக்கையில் புரள்கிற மாதிரி திரும்பி, குழியின் கரையை டொக்கென்று தட்டிற்று. யாரோ ஐயோ அம்மா என்றார்கள். மண்ணைப் போட்டால் மண் கரைகிறது, கல்லை வைத்தால் கல் சரிகிறது, மூங்கில் கொண்டுவா என்று ஓடினார்கள், மூங்கில் வருவதற்குள் பெட்டி மறுபடி தட்டிற்று, வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி. நான் இறங்கினேன். என் வலது காலை அவள் மார்பு இருக்கும் இடத்தில் வைத்து மிதித்தேன். ஓட்டை கண்டுபிடி இன்னாசி, இதில் ஓட்டை கண்டுபிடித்துச் சொல்லு, நண்டு எந்தக் கை என்று கேட்டாயே. மிதித்துக்கொண்டே நின்றேன். அவர்கள் என்னைச் சுற்றி மண்ணைப் போட்டார்கள், முழங்கால்வரை மண் வந்த பிறகு என்னைப் பிடுங்கி எடுத்தார்கள், நாற்றைப் பிடுங்குகிற மாதிரி.

சாமியின் கை காலின்மேல் இருக்கிறது. மெத்தென்ற கை. ஆள் கை பட்டு எத்தனை நாளாயிற்று என்று காலுக்கே தெரிகிறது, வெட்கம்கெட்ட கால், சுகமாக இருக்கிறது அதற்கு. இப்போது சொல்லவேண்டும். சாமி, என்றேன். ம், என்றார், துண்டை விரித்துக்கொண்டு. அவ்வளவு நாள் அடுக்கிவைத்த பேச்சு, மேட்டில் இடம், அடுத்த மழை, ஒன்றுகூட வாயில் இல்லை. ஊரையே வாயால் கட்டிப்போட்டவனுக்கு ஒரு நிஜத்தைச் சொல்ல வாய் வரவில்லை. "காலை எடுங்க பெரியவரே" என்று குதிகாலுக்குக் கீழே விரலைக் கொடுத்து மெல்லத் தூக்கினார். கால் வரவில்லை. நான் பிடித்து வைக்கவில்லை, கால்தான் வரவில்லை. பேசினின் அடியில் அழுந்தி நிற்கிறது, பிளாஸ்டிக் வளைகிறது, தண்ணீர் ஓரத்தில் வழிந்து சாமியின் வெள்ளை அங்கியை நனைக்கிறது. பாட்டு முடிந்துவிட்டது. முடிந்த பாட்டை மறுபடி ஆரம்பிப்பதா என்று தெரியாமல் ஆர்மோனியம் ஒரே கட்டையில் இழுத்துக்கொண்டிருக்கிறது. "என்ன மதலை, காலை எடுய்யா" என்று வாத்தியார் பல்லைக் கடிக்கிறார். தார்சீஸ் தூணைவிட்டு வருகிறார். போட்டோக்காரன் கேமராவை இறக்கிவிட்டான். கதவோரம் ஆல்வின் திரும்பிப் பார்க்கிறான். சாமி சிரித்தார், பழைய சிரிப்பு, தோளைத் தட்டுகிற சிரிப்பு. "என்ன பெரியவரே, இங்கேயும் விளையாட்டா?" என்று மறுபடி தூக்கினார், இந்த முறை இரண்டு கையாலும்.

"எடுக்க மாட்டேன் சாமி" என்றேன். "எடுத்தா அவ மிதப்பா."

சிரிப்பு அவர் முகத்தில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது, மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. பிறகு இல்லை. காலைப் பார்த்தார். வெடிப்பைப் பார்த்தார், மழையிலிருந்து தேய்க்காத காலின் வெடிப்பிலிருந்து மண் கரைந்து நீலப் பேசினில் செம்மண் நிறமாய்ப் பரவுகிறது, பள்ளத்து மண், அவர் மிதிக்காத மண். அவர் கை இரண்டும் என் காலைச் சுற்றியே இருக்கின்றன. இன்றைக்கு அவரிடம் குடை இல்லை. யார் வேண்டுமானாலும் வந்து இழுக்கட்டும், நான் எடுக்கப் போவதில்லை.